இழுத்தால் கொடுக்கும் தையல்



எங்கள் தோட்டப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாள் அது. ஓட்டத்துக்குத் தயாராகக் குனிந்த ஒரு சிறுவனின் காற்சட்டை ‘டர்’ என்று பிரிந்துவிட்டது. பையன் அழுதுகொண்டே திடலை விட்டு ஓடினான். பனியன் துணியில், அவன் அம்மா இரவு கண் விழித்துத் தைத்த காற்சட்டை. துணி கிழியவில்லை, தையல் நூல்தான் அறுந்திருந்தது. “நூல் மட்டம், டீச்சர்” என்று வருந்தினார் அந்த அம்மா. குற்றம் நூலிலும் இல்லை, தைத்த கையிலும் இல்லை. தையலின் வகையில் இருந்தது. அந்த வகை எப்படி மாறியது என்பதே இன்றைய பேச்சு.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே, 1830இல் சங்கிலித் தையல் போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதைக்கொண்டு பாரிஸ் நகரில் இராணுவ உடைகள் தைத்தார். பிழைப்பு போய்விடுமோ என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார். அஞ்சியவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வருமா? உழைப்பை நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த அச்சம் புரியும்.

1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ், மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பிணையும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கரின் இயந்திரம் வந்தது. பின்னர் அவர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியதால், ஏழை வீடுகளுக்கும் தையல் இயந்திரம் எட்டியது.

இந்த இயந்திரங்கள் போட்டது நேர் தையல். சட்டைத் துணிக்கு அது போதும். ஆனால் பனியன் துணியை இழுத்தால் அது நீளும்; நேர்கோட்டில் கிடக்கும் நூல் எங்கே நீளும்? அறுந்துதான் போகும்.

இதற்கு வழி, ஊசி இடமும் வலமுமாக மாறி மாறிக் குத்தும் ஜிக்ஜாக் தையல். 1873இல் அதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் ஒரு பெண்மணி, அமெரிக்காவின் ஹெலன் பிளாஞ்சார்ட். மலைப்பாதைபோல் வளைந்து செல்லும் நூலில் நீளம் மிச்சம் இருக்கிறது. துணியை இழுக்கும்போது வளைவு நிமிர்கிறது, நூல் அறுவதில்லை. துணி ஓரம் பிரியாமல் காப்பதும் பொத்தான் துளை தைப்பதும் இதே தையல்தான்.

பூத்தையலும் இதன் தங்கைதான். 1952இல் சுவிட்சர்லாந்தின் எல்னா நிறுவனம், மாற்றிப் போடக்கூடிய சிறு வட்டத் தகடுகள் கொண்ட வீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. தகட்டின் ஓரத்திலுள்ள மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஊசி அசையும். அலையும் இலையும் துணியில் விழும். கைப்பூவேலைக்கு ஒரு நாள் பிடித்தால், இதற்குச் சில நிமிடங்களே.

1958இல் டியூபோன் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ், ரப்பரைப்போல் நீளும் செயற்கை இழையைக் கண்டார். துணிகள் இன்னும் அதிகம் நீளலாயின. அவற்றுக்கேற்ற தையலில், இயந்திரத்தின் பற்கள் துணியை இரண்டு அடி முன்னே தள்ளி ஓரடி பின்னே இழுக்கின்றன. ஒரே இடத்தில் நூல் மூன்று முறை விழுவதால் தையல் உறுதியாகவும் நெகிழ்வாகவும் இருக்கிறது. ஆனால் தவறாகத் தைத்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. முதலில் துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் நேர் தையல் இயந்திரம் மட்டும்தான் உண்டா? கவலை வேண்டாம். பனியன் துணிக்கென்று விற்கும் முனை மழுங்கிய ஊசியைப் போடுங்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியைச் சற்றே இழுத்துப் பிடித்துத் தையுங்கள். அந்த அம்மா அடுத்த காற்சட்டையை அப்படித்தான் தைத்தார். மறு ஆண்டு பையன் குனிந்தான்; ஓடினான்; தையல் தாங்கியது.