இரண்டு பேரேடுகள்

லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகம் என்றால் தில்லித் தமிழர்களுக்கு சி.பி.ஐ. ஞாபகம்தான் வரும். பி.பி.ஆர். அண்ட் டி. என்கிற போலீஸ் ஆராய்ச்சிப் பணியகமும் பல வருடம் அங்கேதான் இருந்தது. அதன் புள்ளிவிவரக் கிளையையும் சி.பி.ஐ.யின் சில பிரிவுகளையும் சேர்த்து 1986-இல் உருவானது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்.

போதை மருந்து அளவு மீறி எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால், அரசு புரட்டுவது இதன் விபத்து மரண அறிக்கையைத்தான். 2019-இல் 704 பேர். 2021-இல் 737 பேர்.

அதே 2019-இல் வந்த எய்ம்ஸ் ஆய்வோ, அபின் வகைப் போதையிலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் என்றது. கணக்கு உதைக்கிறது, இல்லையா?

வங்கியில் இப்படி வந்தால் இன்னொரு பேரேட்டை எடுத்து ஒத்துப் பார்ப்போம். இங்கே அது மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று. 1969 சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் 2020-இல் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கே சான்று இருந்தது. மிச்சமெல்லாம் வெற்றுப் பக்கம்.

மிஞ்சுவது காவல் நிலையக் கணக்கு. வழக்குக்கும் ஊர்ப்பேச்சுக்கும் பயந்து வீட்டார் 'மாரடைப்பு' என்று சொல்லிவிட்டால், அதிலும் ஏறாது.

2023 சட்டத்திருத்தம் எல்லா மருத்துவமனைகளும் காரணச் சான்று தரவேண்டும் என்கிறது. நல்லதுதான். வீட்டிலும் தெருவிலும் சாகிறவர்கள்?

அளவு மீறியவரை மீட்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை சாவு என்று தெரியாமல், அதை எங்கே அனுப்புவது?