செந்நிறக் கூண்டின் கதை

கல்லறையைப் பார்த்து வடிக்கப்பட்ட ஒன்று உயிர் காக்கும் இடமாக முடியுமா? பிரிட்டன் நாட்டுச் சாலையோரங்களில் நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் வரலாறு இக்கேள்விக்கு அழகியதொரு விடை தருகிறது.

1921-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அஞ்சல் துறை அமைத்த கான்கிரீட் கூண்டுகளின் தோற்றம் பலருக்கும் மனநிறைவு அளிக்கவில்லை. எனவே 1924-இல் புதிய வடிவத்திற்கான போட்டி நடைபெற்றது. அதில் வென்றவர் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். கத்தோலிக்கரான இவர், 1903-இல் தமது 22-ஆம் வயதிலேயே லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆயிரமாயிரம் பேர் கூடும் ஆலயத்தை வரைந்த அதே கரம், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய சிறு கூண்டையும் அதே அக்கறையுடன் வரைந்தது.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் பழைய ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், கட்டடக்கலை அறிஞர் சர் ஜான் சோன், 1815-இல் மறைந்த தம் மனைவிக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் மெல்லென வளைந்த கவிகையே கூண்டின் கூரைக்கு முன்மாதிரி என்று கருதப்படுகிறது. ஸ்காட் விரும்பியது வெள்ளி நிறம். அஞ்சல் துறை தேர்ந்ததோ வார்ப்பிரும்பும் சிவப்பும். 1926-இல் இக்கூண்டுகள் லண்டன் தெருக்களுக்கு வந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் ஸ்காட் அமைத்த சிறிய வடிவமே, பின்னர் ஏறத்தாழ 60,000 கூண்டுகளாகக் குக்கிராமங்கள் வரை பரவியது.

அக்காலத்தில் காசைப் போட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும். மறுமுனையில் குரல் கேட்டதும் 'ஏ' பொத்தானை அழுத்திப் பேசலாம். எவரும் எடுக்காவிடில் 'பி' பொத்தான் காசைத் திருப்பித் தரும். 1937-இல் லண்டனில் தொடங்கிய 999 என்னும் அவசர அழைப்பிற்கோ காசே வேண்டியதில்லை. ஆபத்தில் இருப்பவன் ஏழையாயினும் அவன் குரல் கேட்கப்பட வேண்டும் என்பதே அதன் பொருள்.

கதவைச் சாத்திக்கொண்டு, முகம் காணாத ஒரு செவியிடம் நெஞ்சைத் திறப்பது நமக்குப் புதிதன்று. ஒப்புரவு அருட்சாதனத்தின் அருள் தொலைபேசிக் கூண்டில் இல்லை. ஆயினும் மனிதரின் அதே தவிப்பு அங்கும் உண்டு. இதை உணர்ந்த சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குரு, தற்கொலையை எண்ணித் தவிப்போருக்காக 1953-இல் லண்டன் ஆலயமொன்றில் தொலைபேசிப் பணியைத் தொடங்கினார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' இயக்கமாக வளர்ந்தது.

1984-இல் தொலைபேசித் துறை தனியார்மயமாயிற்று. மறு ஆண்டே பழைய கூண்டுகளை அகற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்னர் கைப்பேசியும் வந்தது. எனினும் மக்கள் அவற்றை விட்டுவிட மனம் கொள்ளவில்லை. 2008 முதல் ஒரு பவுண்டு விலைக்குக் கூண்டுகளை ஏற்ற ஊர்கள், அவற்றைச் சிறு நூலகங்களாகவும், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் கருவி வைக்கும் இடங்களாகவும் மாற்றின.

2022-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இன்னும் இயங்கும் தொலைபேசிக் கூண்டுகளுள் சுமார் 5,000-ஐக் காக்க விதி வகுத்தது. கைப்பேசி எட்டாத இடங்கள், விபத்தும் தற்கொலையும் மிகுந்த இடங்கள், ஓராண்டில் 52 அழைப்புகளுக்கு மேல் சென்ற இடங்கள் ஆகியவை அதில் அடங்கும். வாரத்திற்கு ஓர் அழைப்பு! வணிகக் கணக்கில் அது இழப்பு. ஆனால் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயன் அறிந்த கணக்கு வேறு. 2020 மே மாதத்துடன் முடிந்த ஓராண்டில் மட்டும், பொதுத் தொலைபேசிகளிலிருந்து சமாரிட்டன்ஸ் இயக்கத்திற்குச் சென்ற அழைப்புகள் சுமார் 20,000.

1960-இல் மறைந்த ஸ்காட், தாம் வரைந்த பேராலயத்தின் மேற்கு வாயிலுக்கு வெளியே அடக்கம் செய்யப்பட்டார். அவரது செந்நிறக் கூண்டுகளும் வெளியேதான் நிற்கின்றன. நம் ஆலயக் கதவுகளுக்கு வெளியே, யாரேனும் கேட்கமாட்டார்களா என்று ஏங்கி நிற்பவர்களுக்கு நாம் என்ன கூரை அமைத்திருக்கிறோம்?