ஒட்டாவா கணுக்கால் விதிகள்

கால் பிசகி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்கு எக்ஸ்ரே தேவையா என்பதைக் கையால் தொட்டும் நடக்க வைத்தும் பார்த்தே முடிவு செய்யும் முறை. கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு 1992இல் வெளியிட்டது. அதுவரை ஏறக்குறைய எல்லோரையும் படமெடுக்க அனுப்பினார்கள். முறிவு இருந்ததோ 100க்கு 15 பேருக்கும் குறைவாக.

கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையும், அதிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின்விளிம்பையும் அழுத்த வேண்டும். அங்கே வலித்தாலோ, அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. நொண்டி நடந்தாலும் நடந்த கணக்குதான். வீங்கிய சதையை அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். எலும்பைத் தேடி அழுத்துவதில்தான் சூட்சுமம். பாதத்துக்கும் இதேபோல் தனி விதி உண்டு.

27 ஆய்வுகளில் 15,581 பேரின் விவரங்களைத் தொகுத்த 2003ஆம் ஆண்டு மறுஆய்வில், முறிவில்லை என்று விதி சொன்னவர்களில் உண்மையில் முறிவு இருந்தது 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. குடிபோதையில் வருபவரிடமும் கால் மரத்துப்போனவரிடமும் இதை நம்ப முடியாது.