யுவராஜா ‘அப்பர் ரோஜர்’ ஆன கதை

1755ஆம் வருஷம் பர்மாவிலுள்ள ஸிரியம் துறைமுகத்திலிருந்து காப்டன் ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கடிதம் ஒன்றில் ‘அப்பர் ரோஜர்’ என்று ஒருவர் பிரஸ்தாபிக்கப்படுகிறார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், கம்பெனி உத்தியோகத்தை நாடிக் கப்பலேறி வந்த ஏதோ ஒரு ரோஜர் துரை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அவர் துரையுமல்லர், ரோஜருமல்லர். ‘யுவராஜா’ என்ற சம்ஸ்கிருத பதந்தான், அதை முன்பின் கேட்டறியாத அந்நியர் செவியில் விழுந்து, அவர்கள் நாவுக்குப் பழகிய வேஷத்தைப் பூண்டுகொண்டு வெளியே வந்திருக்கிறது.

இந்தச் செய்தியை நமக்குப் பாதுகாத்து வைத்திருப்பது 1886இல் லண்டனில் ஜான் மர்ரே வெளியிட்ட ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதி. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்துபோன சொற்களைத் திரட்டிய அந்தக் கிரந்தம், ஆங்கிலப் பதங்களின் பூர்வோத்தரங்களில் சபலமுடைய என்னைப் போன்றவர்களுக்கு, வேறு வேலை காத்திருக்கும்போது கையில் எடுக்கத்தகாத நூல். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடித் திறந்தால், அடுத்த சொல்லும் அதற்கடுத்ததும் ஆளை விடுவதில்லை.

அதை இயற்றியவர் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். 1820இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, வங்காளப் பொறியாளர் படையில் உத்தியோகம் பார்த்து, 1855இல் ஆவா அரச சபைக்குச் சென்ற தூதுக்குழுவின் காரியதரிசியாகப் பர்மாவையும் கண்டவர். ஓய்வு பெற்றபின் ஸிஸிலித் தீவிலுள்ள பலெர்மோவில் அமர்ந்து, மார்க்கோ போலோவின் யாத்திரை நூலை விரிவான குறிப்புகளுடன் 1871இல் பதிப்பித்தவர். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல். யூலைவிட 20 வயது இளையவர். சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். பகலெல்லாம் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் மனிதர், தென்னிந்திய லிபிகளைப் பற்றி 1874இல் ஒரு நூலை வெளியிட்டதும், தஞ்சை அரண்மனையிலிருந்த சம்ஸ்கிருதச் சுவடிகளையெல்லாம் வகைப்படுத்தி 1880இல் அட்டவணை அச்சிட்டதும், உடல் நலம் குன்றிக்கொண்டே வந்த காலத்தில் செய்த காரியங்கள் என்பதை நினைக்கும்போது வியப்பு மேலிடுகிறது. சரஸ்வதி மகாலைப் பற்றிப் பேசும்போது சரபோஜி மன்னரை நினைக்கும் நாம், இந்த ஜட்ஜையும் சற்று நினைக்கலாம்.

1872ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவு பெரும்பாலும் கடிதங்கள் மூலமாகவே நடந்தது. பர்னெல் 1882இல் தம் 42ஆம் வயதில் இங்கிலாந்தில் காலமானார். நூல் அச்சேற அதற்குப்பின் நான்கு வருஷங்கள் ஆயின. பக்கக் கணக்கில் யூலின் பங்கே மிக அதிகம். ஆயினும், அரிய நூல்களைத் தம் கைப்பொருள் கொண்டு வாங்கித் தேடியதையும், மரணமடைந்த வருஷம் வரையில் சளைக்காமல் கடிதம் எழுதியதையும் முகவுரையில் எடுத்துச் சொல்லி, நண்பருடைய பங்கைப் பக்கங்களால் அளக்கக்கூடாது என்று யூல் எழுதினார். தலைப்பிலும் பர்னெலின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே வைத்தார்.

சாதாரண அகராதி பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இதுவோ, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பிடத்தை ஆராய்ந்து, அராபிய, போர்த்துகீசிய, இத்தாலிய, டச்சு யாத்திரிகர்கள் முதல் கம்பெனிக் குமாஸ்தாக்கள் வரை அதைக் கையாண்ட பிரயோகங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. ஜேம்ஸ் மர்ரேயைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1884இல் முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் முறையும் இதுவே. அப்பேரகராதி பல இடங்களில் யூலைச் சான்றாகக் கொள்கிறது. ஆனால் மர்ரேயின் நூலில் காணாத ஒரு தாராளம் யூலிடம் உண்டு: கதை சொல்லத் தோன்றினால் சொல்வார், சண்டை பிடிக்கத் தோன்றினால் பிடிப்பார், பரிகாசத்தையும் அடக்கிக்கொள்ளமாட்டார்.

நம் கட்டுமரத்தையே எடுத்துக்கொள்வோம். சோழமண்டலக் கரையில் மீனவர் இரண்டு மூன்று மரங்களைக் கயிற்றால் பிணைத்து அலைமேல் ஏறிச் செல்வதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி, 1697இல் வெளியான தம் பிரயாண நூலில் அதற்கு இந்த நாட்டார் வழங்கும் பெயரையே எழுதிவைத்தார். அங்கிருந்து அச்சொல் அடைந்த கதி விசித்திரமானது. 1804இல் நெப்போலியனுடைய கப்பல்களைப் பூலோன் துறையில் தகர்ப்பதற்காக ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்குக் ‘கட்டமரான்’ என்று பெயர்; பின்னர் கொச்சை ஆங்கிலத்தில் வாய்த்துடுக்கான சண்டைக்காரிக்கும் அதுவே பெயராயிற்று; பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் தலையில் ஒலிப்பதுதான் காரணம் போலும்! இன்று மேல்நாட்டார் அப்பெயரால் அழைக்கும் இரட்டை உடல் படகைக் கண்டால் நம் மீனவர் அதை வேற்றூர்ப் படகு என்றே சொல்வார்.

சுருட்டும் இப்படியே கடல் கடந்தது. இரு முனையும் வெட்டப்பட்ட நம்மூர்ச் சுருட்டுக்கு ‘செரூட்’ என்று பெயரிட்டுக்கொண்ட ஆங்கிலேயர்க்குத் திருச்சிராப்பள்ளிச் சரக்கு எவ்வளவு பழக்கம் என்றால், 1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் கொலையாளியின் அடையாளங்களுள் ஒன்றாக அது வருகிறது. கதாசிரியர் அதை வாசகர்க்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மறுபுறம், ‘டிபன்’ இந்தியச் சொல்லன்று என்பதே யூலின் முடிவு. வேளையல்லாத வேளையில் உண்பதையும் குடிப்பதையும் குறித்த ஒரு பழைய ஆங்கிலக் கொச்சை, சொந்த ஊரில் வழக்கொழிந்து, இங்கே வந்து இட்டலியோடு நிலைபெற்றுவிட்டது. ‘குடோன்’ என்ற சொல்லையோ, மலாய் மொழி வழியாகத் தெலுங்கு ‘கிடங்கி’யிடமும் தமிழ்க் ‘கிடங்கி’னிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அது சரியானால், வீட்டுப் பிள்ளை மலாய் நாட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஆங்கிலேயனோடு திரும்பி வந்ததை அடையாளம் தெரியாமல் நாம் உபசரித்து வருகிறோம்.

நூலின் பெயரைப்பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. முஹர்ரம் ஊர்வலத்தில் நபிகள் நாயகத்தின் பேரர்களை நினைந்து மார்பில் அறைந்துகொண்டு ‘யா ஹஸன், யா ஹுஸைன்’ என்று எழுப்பும் ஓலத்தை, வெள்ளைச் சிப்பாய்கள் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்று கேட்டார்கள், அல்லது கேட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். திரிந்த சொற்களின் தொகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது ஆசிரியரின் எண்ணம். பொருத்தந்தான், ஆனாலும் ஒரு சமூகத்தின் துக்கம் இங்கே இரண்டு லண்டன் கடைக்காரர்களின் பெயர்போல ஆகிவிட்டது. நூலினுள்ளும் ஏவலாளை அழைக்கும் குரல் அடிக்கடி கேட்கிறது. ஆளவந்தவர்கள் கற்றுக்கொண்ட சொற்களில் பல, வேலை வாங்குவதற்குத் தேவைப்பட்டவையே.

1903இல் வில்லியம் குரூக் என்பவர் இந்நூலைப் புதுக்கி மேற்கோள்களைப் பெருக்கினார். தாம் சேர்த்தவற்றையெல்லாம் நாணயமாகச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்; ஆகவே முதன்முறை வாசிப்பவர்கள் அடைப்புக்குறிகளைத் தாண்டிக்கொண்டே போகலாம். தகவல் உள்ளே அதிகம், சுவை வெளியே அதிகம்.