மதுரையில் மிச்சமிருப்பவை

மதுரைக்கு வருவோர்க்கு வழிகாட்டிகள் காட்டும் இடங்கள் நான்கைந்துதான். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில். அவற்றின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நகரில் பல்லாண்டு குடியிருந்து, பிழைப்பின் பொருட்டு வேற்றூர் புகுந்துவிட்ட நாம், மதுரை செல்லும் நண்பர்க்கு வேறு சில இடங்களையே குறித்துக் கொடுப்பது வழக்கம். உடைந்து எஞ்சியவை, முடியாமல் நின்றவை, பெயர் மட்டும் தங்கியவை அவை.

முதலில் கீழமாசி வீதியின் தென்முனையில் நிற்கும் விளக்குத்தூண். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு துணி வாங்கச் செல்வோர் எத்தனையோ பேர்; அது யாருக்காக எழுந்தது என்று கேட்போர் குறைவு. பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேய ஆட்சியரின் நினைவுச்சின்னம் அது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய கோட்டைக்கு 72 கொத்தளங்கள். ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பு ஒரு பாளையக்காரருக்கு. அந்தக் கோட்டையை 1840-களில் இடித்துத் தள்ளி அகழியைத் தூர்க்கச் செய்தவர் பிளாக்பர்ன். மதிலுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த ஊர் அதன் பிறகே விரிந்தது. நில அளவைக்காரர் மாரட்டின் பெயரும், வேலையை நடத்திய மேஸ்திரி பெருமாளின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக வழங்குகின்றன. மன்னர்க்கு நிகராக ஒரு மேஸ்திரிக்கும் வீதிகளில் இடம் கொடுத்த ஊர் என்று நாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதுண்டு. ஆயினும், கோட்டையை இடித்தவருக்குத் தூண் நிற்க, கோட்டையின் எச்சமோ பெரியார் பேருந்து நிலையத்தருகே கவனிப்பாரற்று நிற்கிறது.

விளக்குத்தூணிலிருந்து சில அடி நடந்து ஒரு குறுகிய சந்தினுள் திரும்பினால் பத்துத் தூண். பெயருக்கேற்பப் பத்தே தூண்கள், மேலே கூரையில்லை. துணிக்கடைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே, எதையும் தாங்காமல் வானை நோக்கி நிற்கின்றன. திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியைச் சேர்ந்தவை என்பர். இன்று மகால் என்று நாம் காண்பது பழைய மாளிகையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே. திருமலையின் பேரர் சொக்கநாதர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, தாத்தா கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போனார். அந்த மாளிகை எவ்வளவு பரந்திருந்தது என்பதை மகாலில் நின்றால் உணர முடியாது. இந்தச் சந்தில் நின்று இடைத்தூரத்தை எண்ணிப் பார்த்தால்தான் புலப்படும்.

புதுமண்டபத்துக்குக் கிழக்கே, கடைகள் அடைத்துக்கொண்ட அடித்தளமாக இராயகோபுரம் நிற்கிறது. அதையும் தொடங்கியவர் திருமலையே. ஒற்றைக் கல்லில் செதுக்கிய அதன் நிலைக்கால்களை அண்ணாந்து பார்த்தாலே, எழும்பியிருந்தால் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று மனம் கணக்கிடத் தொடங்கிவிடும். அருகே எழுகடல் தெரு. காஞ்சனமாலைக்காக இறைவன் ஏழு கடலையும் வரவழைத்ததாகத் திருவிளையாடல் கூறும் குளம் அங்கிருந்தது. அதைத் தூர்த்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். புராணத்தில் ஏழு கடலுக்கு இடமிருந்தது. நகராட்சிக் கணக்கில் ஒரு குளத்துக்கு இடமில்லாமற் போயிற்று!

நகரைவிட்டு மேற்கே சென்றால் நாகமலைப் புதுக்கோட்டைக்குத் தெற்கே கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், பின்னே சமணர்மலை. அடிவாரத்துச் செட்டிப்புடவைப் பலரும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். மூச்சிரைத்தாலும் பாறைப் படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரை செல்க. சுனையருகே பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாக அமர்ந்தும் நின்றும் காட்சி தருகின்றன. கீழே 9, 10-ஆம் நூற்றாண்டுகளின் வட்டெழுத்து. குரண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த மாணாக்கர் பெயர்கள் இம்மலைக் கல்வெட்டுகளில் வருகின்றன. கல்லூரி ஆசிரியராகிய நமக்கு இது தனி மகிழ்ச்சி. ஆயிரம் ஆண்டுகட்குமுன் இங்கும் ஒரு கல்விக்கூடம்!

எனினும் நாம் தேடிச் செல்வது வேறொரு பெயரை. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றிலும் பெயர் பொறிக்கப்பட்ட சமண முனிவர் அச்சணந்தி. இங்கே ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அவர் தாயார் குணமதியார் என்கிறது எழுத்து. துறந்துபோன மகனின் பெயரோடு தம் பெயரையும் ஒரு தாய் கல்லில் ஏற்றியிருக்கிறார். அந்தப் பாறையில்தான் நம் காலத்துக் காதலர்களும் தத்தம் பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். இனி ஏறுவோர், கையில் சாக்குக்கட்டி கொண்டுபோய் எழுத்துகளைப் பூசிப் படிக்க முயலவேண்டா. காலையில் செல்லுங்கள், சாய்வாக விழும் வெயிலிலேயே வட்டெழுத்து தெரியும்.