சோலைக்குள் ஒரு கோரை

கோரை என்றதும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஞாபகம் வருவது களையெடுப்புதான். எவ்வளவு பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த தண்ணீருக்கு மறுபடி தலைகாட்டும். வயலில் திட்டு வாங்கும் அதே கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். பாய் நெய்வதும் இந்தக் குடும்பத்துச் செடியில்தான். ஆனால் தண்ணீரும் வெயிலும் உள்ள இடம் மட்டுமே கோரையின் வீடு அல்ல. நமக்கு வடக்கே தெரியும் பழனி மலையின் சோலைக்காட்டு நிழலிலும் கோரை உண்டு.

பார்த்தால் புல் போலத்தான் இருக்கும். தண்டை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல் தண்டு உருளும். கணுக்கணுவாக, பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக இருக்கும். கோரைத் தண்டில் மூன்று பட்டை விரலில் தட்டும், உள்ளே சோறு நிறைந்திருக்கும். இதுவரை யாருக்கும் சுலபம். எந்தக் கோரை என்பதில்தான் சிக்கல். சோலையில் வளரும் கேரெக்ஸ் இனத்தில் ஒவ்வொரு காயும் ஒரு சின்னஞ்சிறு பைக்குள் மூடியிருக்கும். அந்தப் பையின் வடிவத்தையும் அதன் மூக்கையும் பார்க்காமல் பெயர் சொல்வது கடினம். இளவேனிலில் போய் இலையையும் இளம்பூவையும் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. காய் முற்ற வேண்டும்.

இந்த வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட். 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். 1831இல் விடுப்பில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுபோன உலர்ந்த செடிகளின் எடை சுமார் இரண்டு டன். அவற்றில் கோரைகளை ஜெர்மானியரான நீஸ் ஃபான் எசன்பெக் ஆராய்ந்தார். 1834இல் வைட் வெளியிட்ட நூலில் நீஸ் பெயரிட்ட ஒன்று கேரெக்ஸ் பக்கான்ஸ். காய்ப்பைகள் பழுத்துச் சிவந்து பழம்போல் மின்னுவதால் அந்தப் பெயர். கோரையில் இப்படி ஓர் அழகா என்று நிற்க வைக்கும். (நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் கவனிக்க: இந்த நீஸ் பிற்காலத்தில் அரசியலில் இறங்கி, பேராசிரியர் பதவியோடு ஓய்வூதியத்தையும் இழந்து, 1858இல் வறுமையில் இறந்தார்.)

வைட் 1836இல் பழனி மலைக்கும் வந்தார். அப்போது அதை வராககிரி என்றும் எழுதினார்கள். பெரியகுளத்து வராக நதியை நினைத்தால் பெயர் புரியும். அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் வரலாற்றில் நிற்கிறது. ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். பின்னால் அந்தப் பெயர் வழக்கொழிந்தது வேறு கதை. ஆனால் செடிகளைப் பிடுங்கி, காகிதத்துக்கு இடையே அழுத்தி, காயவைத்து, தலைச்சுமையாக இறக்கியவர்கள்? எந்தச் சரிவில் எது முளைக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோரைக்கு லத்தீன் பெயர் கிடைத்தது; அதைப் பிடுங்கிய கைகளின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பிறகு ஃபிஷர் 1931இல் சென்னை மாகாணக் கோரைகளைத் தொகுத்தார். திருச்சி ராபினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவிய பாதிரியார் கே.எம். மாத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்களுக்குத் தனி நூலே தந்தார். அதற்குள் சீகை மரமும் யூகலிப்டஸும் மலையில் எவ்வளவோ இடத்தைப் பிடித்துவிட்டன.

கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் சோலை ஓரத்தில் சிவப்புக் காய்க்கொத்தோடு உயரமான ‘புல்’லைக் கண்டால் பறிக்க வேண்டாம், 2013 முதல் அங்கே பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். படம் எடுங்கள். காய் தெளிவாகத் தெரியும்படி, கிட்டத்தில்.