வாலட்வாட்ச் தளமும் சத்யம் இன்ஃபோவேயும்: சென்னையில் உருவான இணைய நிதிச் செய்தியின் வரலாறு (1995–2005)

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பாளையம் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துவோர் பலரும் அச்சாலையைப் பங்குச்சந்தையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. லார்சன் அண்ட் டூப்ரோ குழுமத்தின் கிருஷ்ணகிரி – தொப்பூர் சுங்கச்சாலை நிறுவனம் 2018இல் இண்ட்இன்ஃப்ராவிட் டிரஸ்ட் என்னும் உள்கட்டமைப்பு முதலீட்டு அமைப்பின்கீழ் வந்தது. அவ்வமைப்பின் அலகுகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன. அதன்பின் கணவாயில் ஏறி இறங்கும் வண்டிகளின் எண்ணிக்கையே முதலீட்டாளருக்கான செய்தியாயிற்று. அச்செய்தியின் மொழி ஆங்கிலம்.

ஓர் ஊரின் சாலையைப் பற்றிய பணச்செய்தி அவ்வூர் மக்களின் மொழியில் பிறக்காமற் போனதற்குத் தமிழகத்தில் தொழில்நுட்பம் பின்தங்கியிருந்ததைக் காரணமாகக் கூறுவதுண்டு. இந்திய இணைய வணிகத்தின் தொடக்கத்தில் சென்னை பெற்றிருந்த இடத்தை நோக்கின் அக்கூற்று நிலைபெறாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தையும், அது நடத்திய வாலட்வாட்ச்.காம் என்னும் தனிநபர் நிதித் தளத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

விலை தரவாக மாறிய காலம்

இணைய நிதிச் செய்தியின் வரலாற்றை இணையத்திலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் 1994ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். அவ்வாண்டு சனவரி 28 அன்று கஸ்தூரி அண்ட் சன்ஸ் நிறுவனம் சென்னையில் ‘பிசினஸ்லைன்’ நாளிதழைத் தொடங்கியது. நவம்பரில் தேசியப் பங்குச்சந்தை கணினித் திரைவழிப் பங்கு வணிகத்தை ஆரம்பித்தது. முன்னர்த் தரகர்கள் கூடத்தில் கூவிப் பேசிய விலை, தாளில் குறிக்கப்பட்டு மறுநாள் நாளிதழின் பட்டியலாக வாசகரை அடைந்தது. திரைவழி வணிகத்திலோ விலை பிறக்கும்போதே கணினித் தரவாகப் பிறக்கிறது. அதனை எடுத்துக் கடத்துவோர் எவராயினும் செய்தி நிறுவனம் ஆகலாம் என்னும் நிலை இதனால் உருவாயிற்று.

கடத்துவதற்கான வழி விரைவிலேயே கிட்டியது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொது இணையச் சேவையை அளித்தது. அதே ஆண்டில் ‘தி இந்து’ இணையத்தில் ஏறியது. மும்பையில் ராஜேஷ் ஜெயின் தொடங்கிய இந்தியாவேர்ல்டு, வெளிநாடுவாழ் இந்தியரைக் குறிவைத்துச் செய்திகளை வழங்கியது. அமெரிக்காவில் தி ஸ்ட்ரீட்.காம் தோன்றியது 1996இல். மார்க்கெட்வாட்ச் தோன்றியது 1997இல். இவற்றோடு ஒப்பிடுகையில் இந்திய முயற்சிகள் காலத்தால் பிந்தியவை அல்ல.

பங்குச்சந்தைக்காக ஒரு பங்குச்சந்தைத் தளம்

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் துணை நிறுவனமாக 1995 டிசம்பரில் சத்யம் இன்ஃபோவே பதிவு செய்யப்பட்டது. 1998 நவம்பரில் தனியாருக்கு இணையச் சேவை உரிமம் திறந்துவிடப்பட்டதும், நாட்டின் முதல் தனியார் சேவையாகச் ‘சத்யம் ஆன்லைன்’ அறிமுகமாயிற்று. 1999 அக்டோபரில் இந்நிறுவனம் நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அங்குப் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனம் இதுவே. அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டை ரூ.499 கோடிக்கு வாங்க உடன்படிக்கை செய்தது. சமாசார், கோஜ், கேல், பாவர்ச்சி ஆகிய தளங்கள் இவ்வாறு அதன் கைக்கு வந்தன. செய்தி, தேடல், கிரிக்கெட், சமையல் எனத் துறைக்கொன்றாக அமைந்த இவ்வரிசையில் நிதிக்குரியதாக வாலட்வாட்ச் அமைந்தது.

499 கோடி என்னும் தொகையை இத்தளங்களின் அன்றைய வருவாயைக் கொண்டு விளக்க இயலாது. எத்தனை பயனர்கள், எத்தனை பக்கப் பார்வைகள் என்னும் கணக்கே நாஸ்டாக்கில் விலை பெற்றது. எனவே பங்குச்சந்தையைப் பற்றிப் பேசிய இத்தளமே பங்குச்சந்தைக்கான சரக்காகவும் இருந்தது எனலாம். அதன் முதன்மை வாசகர் யார் என்று கேட்டால், மயிலாப்பூரில் சேமிப்பை வைத்திருந்த ஓய்வூதியரைவிட நியூயார்க் முதலீட்டாளரையே சுட்ட வேண்டும். தமிழில் எழுதினால் பார்வைகள் கூடியிருக்கலாம்; ஆனால் அன்று விளம்பரம் தந்த வங்கிகளும் பரஸ்பர நிதி நிறுவனங்களும் தேடிய வாசகர், கணினியும் ஆங்கிலமும் ஒருசேர உடையவர்.

2000 மார்ச்சுக்குப் பின் நாஸ்டாக் சரிந்தது. நிறுவனம் 2003இல் ‘சிஃபி’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2005 நவம்பரில் சத்யம் கம்ப்யூட்டர் தன் பங்குகளை இன்ஃபினிட்டி கேப்பிட்டல் வென்சர்ஸ் நிறுவனத்துக்கு விற்று விலகியது. பின்னர் சிஃபியின் தொழில் நிறுவனங்களுக்கான வலையமைப்பு, தரவு மையம் ஆகியவற்றை நோக்கி நகர்ந்தது.

1999: இரு நிகழ்வுகள்

சத்யம் இன்ஃபோவே நாஸ்டாக்கில் நுழைந்த அதே ஆண்டின் பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. அதன் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் குறியாக்கங்களும் தரப்படுத்தப்பட்டன. அதுவரை ஒவ்வோர் இதழும் தனக்கெனத் தனி எழுத்துருவை வைத்திருந்தது. ஒரு தளத்தின் எழுத்து மற்றொரு கணினியில் குழம்பித் தெரியும் சூழலில், நிமிடந்தோறும் மாறும் விலைகளோடு நிறுவனப் பெயர்களைத் தேடத்தக்க பட்டியலாகத் தமிழில் தருவது எளிதன்று. ஆயினும் இத்தடையை மிகைப்படுத்தல் ஆகாது. இலக்கியமும் அரசியலும் அதே எழுத்துருச் சிக்கலினூடே இணையத்தில் தமிழில் வளர்ந்தன. எழுத்துருவைவிட வருவாய் முறையே வலுவான காரணம் என்பது இதனால் பெறப்படும்.

சான்றுகளின் நிலை

1994இல் நிறுவப்பட்ட சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழந்தமிழ் அச்சிதழ்களைக் காணும் ஆய்வாளருக்கு, இருபதாண்டுக்கு முந்தைய நிதித் தளமொன்றின் முழுமையான ஒருநாட் பக்கம் அத்துணை எளிதிற் கிட்டாது. தரவுத்தளத்திலிருந்து அவ்வப்போது உருவான பக்கங்களை இணைய ஆவணகங்கள் துண்டு துண்டாகவே பிடித்து வைத்துள்ளன. எஞ்சியிருப்பது, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் சட்டப்படி அளிக்கப்பட்ட ஆண்டறிக்கைகளே. சென்னைத் தளத்தின் வரலாற்றை எழுத வாசிங்டனில் உள்ள ஆவணத்தை நாட வேண்டியிருக்கிறது. அதில் முதலீட்டாளர் எதிர்கொள்ளும் இடர்கள் பக்கம் பக்கமாக விவரிக்கப்பட்டுள்ளன; வாசகர் அன்றாடம் படித்தது அதில் இல்லை.